சினிமாப் பட்டத்துக்கு மாறுவதற்கு முன்: கேலிஃபோர்னியாவில் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகள் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஓர் ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்தபோது, முதல் பருவத்துக்கென்று தான் எடுக்க நினைத்த பாடங்களை எனக்கு அனுப்பினாள். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, திரைக்கதை. "சினிமா படிக்கத்தானே மாமா வந்திருக்கிறேன், வேறு எதை எடுப்பது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். இருந்தும் நான்கில் மூன்றை நீக்கிவிடச் சொன்னேன். அதே வழியில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தவன் நான். முதல் ஆண்டு முழுக்கக் கேமராவும் கையுமாக இருந்துவிட்டு, கணிதப் பாடத்தை நான்காம் பருவத்துக்குத் தள்ளினேன். அந்தப் பருவத்தில் புள்ளியியல் வகுப்பு நிரம்பிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போவது முழுதாக ஓர் ஆண்டு தள்ளிப்போனது.

கேமரா வகுப்புகள் வீண் என்று நான் சொல்லவில்லை. பட்டத்துக்கு மாறும்போது எந்தப் பாடம் கதவைத் திறக்கும், எது கையோடு வரும், எது வெறும் எண்ணிக்கையாகக் கரைந்துபோகும் என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சிதான் நினைவுக்கு வரும். கேலிஃபோர்னியாவில் அந்தப் பெயரில் இயங்குபவை அரசு நடத்தும் ஈராண்டுக் கல்லூரிகள், மொத்தம் 116. அந்த மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் மூன்று அடுக்குகளை அமைத்தது: மேலே கேலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யூ.சி. வளாகங்கள், அடுத்து கேலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், அதாவது சி.எஸ்.யூ. வளாகங்கள், அடித்தளமாக இந்த ஈராண்டுக் கல்லூரிகள். பட்டத்தின் முதல் பாதியைக் கீழே முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டு மாணவராக மேலே போகலாம். ஓரத்தில் இருக்கும் சந்து வழி என்று இதை நினைக்க வேண்டாம். அரசே திட்டமிட்டுப் போட்ட பெரிய சாலை இது.

செலவைப் பார்த்தாலும் இதன் அருமை புரியும். பாடங்களின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுவார்கள். மாநிலவாசிகளுக்கு ஈராண்டுக் கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்து முழுநேரமாகப் படிப்பவர்களுக்குப் பல கல்லூரிகள் இதையும் தள்ளுபடி செய்கின்றன. எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் வெளிமாநிலத்தவர் கட்டணத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அது இதைப்போல் பல மடங்கு. பெற்றோரின் ஹெச்-1பி வேலை விசாவைச் சார்ந்து ஹெச்-4இல் இருக்கும் பிள்ளைகள் மாநிலவாசி என்ற தகுதியைப் பெற முடியும். ஆனால் 21 வயதில் அந்தச் சார்பு விசா முடிந்துவிடும். பிறகு எஃப்-1க்கு மாறினால் கட்டணத் தகுதியும் மாறக்கூடும். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பத்தொன்பது வயதிலேயே பேசி வைப்பவர்கள் குறைவு. தயவுசெய்து பேசி வையுங்கள்.

முதல் படி: போகும் இடத்தை முடிவு செய்யுங்கள்

பாடங்களைத் திட்டமிடுவது முடிவிலிருந்து பின்னோக்கிச் செய்யும் வேலை. எந்த வளாகம் என்று தெரியாமல் பாடம் எடுப்பது, எந்த ஊருக்கு என்று தெரியாமல் பஸ் ஏறுவதற்குச் சமம். ஒரே இடத்தை நம்பி நிற்கவும் வேண்டாம். திரைப்படத் துறைகள் மிகச் சிலரையே எடுக்கின்றன. நான்கைந்து வளாகங்களை மனத்தில் வையுங்கள்.

முதலில் உங்களையே கேட்க வேண்டியது, படம் எடுக்கக் கற்க வேண்டுமா, படத்தைப் படிக்க வேண்டுமா என்பது. பெயர்கள் ஒன்றுபோல் தோன்றினாலும் துறைகள் வேறுபடும். யூ.சி. வளாகங்களில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ., படம் எடுப்பதையும் எழுதுவதையும் கற்றுத் தருவதற்குப் பெயர்பெற்றது. பெர்க்லி, அர்வைன், சான்டா பார்பரா ஆகிய இடங்களில் வரலாறும் கோட்பாடும் விமர்சனமும் முன்னே நிற்கும். சான்டா குரூஸில் இரண்டும் கலந்திருக்கும். சி.எஸ்.யூ. பக்கம் நார்த்ரிட்ஜ், லாங் பீச், ஃபுல்லர்டன், சான் ஃபிரான்சிஸ்கோ ஆகிய நான்கிலும் வலுவான சினிமாத் துறைகள் உண்டு. கைவேலை பழக வேண்டும் என்பவர்களுக்கு நான் தயங்காமல் இவற்றைச் சொல்வேன்.

தனியார் பக்கம் யூ.எஸ்.சி. என்னும் தென் கேலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் திரைப்படப் பள்ளி 1929இல் தொடங்கியது. நமக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு. அங்கே சினிமா படித்த எல்லிஸ் ஆர். டங்கன், தன்னோடு படித்த மாணிக்லால் டாண்டனுடன் 1935இல் இந்தியா வந்தார். தமிழே தெரியாமல் 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். எம்.ஜி.ஆர். முதலில் திரையில் தோன்றியது அவர் இயக்கத்தில்தான். பாடத் திட்டம் என்று வரும்போது இந்தப் பள்ளிக்குத் தனிக் கணக்கு. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான விதிகள் இதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு ஈராண்டுக் கல்லூரியோடும் அது தனித்தனியாகச் செய்துகொண்ட பாட ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் பாடம் எடுக்க வேண்டும். நீங்கள் வேறிடத்தில் படித்த படப்பிடிப்பு வகுப்புகளைத் துறைப் பாடமாக அது ஏற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாறிச் சென்றாலும் அங்கே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகலாம். அந்தக் கூடுதல் பருவங்களின் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாம் படி: அசிஸ்ட் தளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அரசுக் கல்லூரிகளுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று சொல்லும் அதிகாரபூர்வமான இணையதளம் அசிஸ்ட். உங்கள் கல்லூரியையும் போக விரும்பும் வளாகத்தையும் தேர்ந்தெடுத்துத் துறையைச் சொடுக்கினால் இரண்டு பத்திகள் தெரியும். ஒருபுறம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். எதிர்ப்புறம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம்.

எதிர்ப்புறத்தில் ஈடான பாடம் இல்லை என்று இருந்தால் மனம் தளர வேண்டாம். அந்தப் பாடத்தை மாறிய பிறகு படிக்கலாம், அல்லது அருகிலுள்ள வேறொரு ஈராண்டுக் கல்லூரியில் எடுக்கலாம். இப்படி இரண்டு மூன்று கல்லூரிகளில் படிப்பது இங்கே சாதாரணம். ஆனால் எங்கே ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் விண்ணப்பத்தில் அதைக் காட்டியே ஆக வேண்டும். பாதியில் விட்டதாக இருந்தாலும் சரி.

நான் செய்யும் முறை இது: மனத்தில் உள்ள ஐந்து வளாகங்களுக்கும் அந்தப் பக்கங்களை அச்செடுத்து, தரையில் வரிசையாகப் பரப்பி, எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களை ஒரே நிறத்தில் வட்டமிடுவது. அக்கா மகளோடு உட்கார்ந்து செய்தபோது, சினிமா வரலாறு பல பக்கங்களில் நிறம் பெற்றது. அவள் ஆசையாகப் போட்டிருந்த ஒலிப்பதிவு ஒரு பக்கத்தில்கூட இல்லை. அதன் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் படி: பொதுப் பாடங்களை முதுகெலும்பாக வையுங்கள்

2025 இலையுதிர் பருவம் முதல் ஈராண்டுக் கல்லூரியில் புதிதாகச் சேருபவர்களுக்கு கால்-கெட்சி என்ற ஒரே பொதுப்பாட அமைப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. முன்பு யூ.சி.க்கு ஒன்று, சி.எஸ்.யூ.வுக்கு ஒன்று என்று மாணவர்கள் அல்லாடினார்கள். 2021இல் வந்த சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. மொத்தம் 34 யூனிட். ஆங்கிலக் கட்டுரை ஒன்று, தர்க்கச் சிந்தனையோடு கூடிய கட்டுரை ஒன்று, மேடைப்பேச்சு ஒன்று, கணிதம் ஒன்று, கலை ஒன்று, மானுடப் புலங்கள் எனப்படும் இலக்கியம், தத்துவம், வரலாறு போன்றவற்றில் ஒன்று, சமூக அறிவியலில் இரண்டு, இயற்பியல், வேதியியல், புவியியல் போன்ற அறிவியல் ஒன்று, உயிரியல் சார்ந்தது ஒன்று, அவற்றில் ஒன்றுக்கு ஆய்வகம், பிறகு இனக்குழுக் கல்வி ஒன்று. எல்லாவற்றிலும் சி கிரேடு அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும். சி மைனஸ் போதாது.

யூ.சி.யில் நுழையவே ஒரு குறைந்தபட்ச வரிசை உண்டு: இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம், ஒரு கணிதம், கலை, சமூகம், அறிவியல் ஆகியவற்றுள் குறைந்தது இரண்டு பிரிவுகளிலிருந்து நான்கு பாடங்கள். இந்த ஏழும், 60 செமஸ்டர் யூனிட்டும், மதிப்பெண் சராசரியாக நான்குக்கு மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8 என்பதும் வேண்டும். இது வாசற்படி மட்டுமே. திரைப்படத் துறைகளுக்கு இதைவிட மிக உயர்ந்த சராசரியோடுதான் மாணவர்கள் வருகிறார்கள்.

ஆங்கிலமும் கணிதமும் முதல் ஆண்டிலேயே முடிந்துவிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புள்ளியியல் எடுத்தால் போதும். சினிமா மாணவருக்கு நுண்கணிதம் தேவையில்லை. 2017இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, பழைய காலம்போல அடிப்படைக் கணித வகுப்புகளில் மாணவர்களைச் சுற்றவிடுவதில்லை. நேராகவே மாற்றத்தகுந்த பாடத்தில் சேரலாம்.

பொதுப் பாடங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டும் தடையாகப் பார்க்கும் மாணவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கேமராவை எங்கே வைப்பது என்பதை ஆறு வாரத்தில் கற்றுத் தரலாம். எதைப் பற்றிப் படம் எடுப்பது என்பதை எந்தப் படப்பிடிப்பு வகுப்பும் கற்றுத் தராது. மானுடவியல் வகுப்பு ஒன்றில் எங்கள் ஊர்ச் சாவு வீட்டுச் சடங்குகளைப் பற்றி நான் எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரைதான் பின்னாளில் என் முதல் குறும்படமானது. அதை எழுதியபோது எனக்கு அது தெரியாது.

இங்கே ஒரு நல்ல உத்தி உண்டு. ஒரே பாடம் இரண்டு வேலை செய்யலாம். சினிமா வரலாறு, சினிமா ரசனை போன்ற பாடங்கள் பல கல்லூரிகளில் கால்-கெட்சியின் கலைப் பிரிவிலும் செல்லும், துறை கேட்கும் முன்பாடமாகவும் செல்லும். சில கல்லூரிகளில் திரையில் இனங்கள் காட்டப்படும் விதம் பற்றிய பாடம் இனக்குழுக் கல்விக்கு ஆகும். அசிஸ்ட் தளத்திலேயே உங்கள் கல்லூரியின் கால்-கெட்சிப் பட்டியலைத் திறந்து, சினிமாத் துறைப் பாடங்கள் எந்தெந்தப் பிரிவில் இருக்கின்றன என்று தேடுங்கள். அரை மணி நேர வேலை. ஒரு முழுப் பாடம் மிச்சமாகும்.

நான்காம் படி: எந்தச் சினிமாப் பாடங்கள், எத்தனை

பருவத்துக்கு ஒன்று. அதற்கு மேல் என்றால் காரணம் இருக்க வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் சினிமா வரலாறு அல்லது ரசனை. அடுத்து திரைக்கதை. மூன்றாவதாக அடிப்படைப் படப்பிடிப்பு. நான்காவது உங்கள் விருப்பம்: ஆவணப்படம், படத்தொகுப்பு, ஒளியமைப்பு, எது அழைக்கிறதோ அது. திரைக்கதையை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் உண்டு. திரைப்படத் துறைகள் பொது விண்ணப்பத்தோடு துணை விண்ணப்பமும் கேட்கும். அதில் படைப்பு எழுத்தும் விமர்சனக் கட்டுரையும் பெரிய இடம் பிடிக்கும். யு.சி.எல்.ஏ. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விலையுயர்ந்த கேமராவில் எடுத்த மூன்று நிமிடத்தைவிட, உண்மையாக எழுதப்பட்ட மூன்று பக்கம் அங்கே அதிகம் பேசும்.

சி.எஸ்.யூ.வுக்குப் போக நினைப்பவர்கள், தங்கள் கல்லூரியில் திரைப்படம், தொலைக்காட்சி, மின்னணு ஊடகம் என்ற தலைப்பில் மாறுதலுக்கான ஈராண்டுப் பட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். 2010இல் வந்த சட்டத்தின்படி அமைந்த இந்தப் பட்டங்களுக்குக் கீழே 60 யூனிட், அதே துறையாக ஏற்கும் வளாகத்துக்குப் போனால் மேலே 60 யூனிட், கணக்கு கச்சிதம். சி.எஸ்.யூ. அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. ஆனால் நீங்கள் கேட்ட வளாகத்தில், நீங்கள் கேட்ட துறையில் என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரியாமல் லாங் பீச்சில் இடம் உறுதி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

யூ.சி.யிலும் ஆறு வளாகங்களில் உறுதிச் சேர்க்கை உண்டு: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். செப்டம்பர் மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாத் துறைகளுக்கும் கிடைக்காது என்பதால் அந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகிய மூன்றும் இதில் சேராது.

ஐந்தாம் படி: நான்கு பருவங்களாகப் பிரியுங்கள்

எங்கள் வீட்டில் கடைசியில் முடிவான திட்டம் இது. உங்களுக்கு அப்படியே பொருந்தாது, அளவெடுக்க உதவும்.

முதல் பருவத்தில் ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல், சினிமா வரலாறு, சமூக அறிவியல் ஒன்று. இரண்டாம் பருவத்தில் தர்க்கச் சிந்தனைக் கட்டுரை, மேடைப்பேச்சு, திரைக்கதை, உயிரியலும் ஆய்வகமும். நடுவே வரும் கோடையில் இனக்குழுக் கல்வி மட்டும். மீதி நேரம் எழுத. மூன்றாம் பருவத்தில் அடிப்படைப் படப்பிடிப்பு, இலக்கியம் ஒன்று, இரண்டாவது சமூக அறிவியல், அசிஸ்ட் கேட்ட துறைப் பாடம் ஒன்று. நான்காம் பருவத்தில் புவியியல் சார்ந்த அறிவியல், ஆவணப்படம், 60 யூனிட்டை நிறைக்கும் மீதிப் பாடங்கள்.

மூன்றாம் பருவத்தைச் சற்று இலேசாக வைக்க முயலுங்கள். விண்ணப்பம் எழுதுவது அந்தப் பருவத்தில்தான். அதுவே ஒரு பாடத்தின் கனம் கொண்டது.

சில கல்லூரிகள் ஆண்டை மூன்று காலாண்டுகளாகப் பிரிக்கின்றன. குப்பர்டினோவின் டி ஆன்சா அப்படிப்பட்டது. அங்கே 60க்குப் பதில் 90 யூனிட் வேண்டும். செமஸ்டர் யூனிட்டை ஒன்றரையால் பெருக்கினால் காலாண்டு யூனிட் கிடைக்கும். இரண்டு வகைக் கல்லூரிகளிலும் மாறி மாறிப் படிப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

கல்வித் திட்டத்தை ஆலோசகரிடம் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். அப்படிச் செய்தவர்களுக்குப் பாடப் பதிவில் முன்னுரிமை கிடைக்கும். புள்ளியியல் வகுப்பு நிரம்பிப்போய் நான் நின்றதுபோல் நீங்கள் நிற்க வேண்டியிருக்காது. ஒரே ஆலோசகரை ஒவ்வொரு பருவமும் பார்ப்பது நல்லது.

மதிப்பெண் தொடர்பான சில விதிகள்

சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எழுதிச் சராசரியை உயர்த்த முடியாது. அதற்குக் கீழே வாங்கியிருந்தால்தான் மறுவாய்ப்பு. தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் பதியும் முறையில் யூ.சி. 14 செமஸ்டர் யூனிட்டுக்கு மேல் ஏற்பதில்லை. முன்பாடங்களை அந்த முறையில் எடுக்கவே வேண்டாம். ஈராண்டுக் கல்லூரியிலிருந்து யூ.சி. எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு 70 யூனிட். அதற்கு மேல் படித்தது பாட நிபந்தனையை நிறைக்கும். பட்டத்துக்கான யூனிட் எண்ணிக்கையில் சேராது. கேமரா வகுப்புகளைக் குவித்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

சென்னையிலோ கோவையிலோ விஸ்காம் ஓராண்டு படித்துவிட்டு வருபவர்கள், அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் கால்-கெட்சிக்குச் செல்லாது என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். விண்ணப்பத்தில் அவற்றை மறைக்கவும் கூடாது. எஃப்-1 மாணவர்கள் ஒவ்வொரு பருவமும் குறைந்தது 12 யூனிட் படிக்க வேண்டும். அந்தக் கணக்கில் முழுவதும் இணையவழி நடக்கும் வகுப்பு ஒன்றுதான் சேரும். இணையவழியில் எல்லாவற்றையும் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் மாநிலவாசி மாணவரை மனத்தில் வைத்துச் சொல்கிறார்.

ஆறாம் படி: விண்ணப்ப ஆண்டு

யூ.சி. விண்ணப்பம் ஆகஸ்டில் திறக்கும். அக்டோபர் தொடங்கி நவம்பர் இறுதி வரை அனுப்பலாம். சி.எஸ்.யூ.வும் ஏறக்குறைய அதே காலம். மாறி வரும் மாணவர்கள் யூ.சி.க்கு நான்கு சிறு கட்டுரைகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். ஒன்று கட்டாயம்; மற்ற மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். திரைப்படத் துறையின் துணை விண்ணப்பத்துக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் வேறு கடைசி நாள் இருக்கும். அந்தந்த ஆண்டின் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

எழுத்தை இரண்டாம் பருவத்திலேயே தொடங்குங்கள். திரைக்கதை வகுப்பில் எழுதியது படைப்பு மாதிரியாகட்டும். சினிமா வரலாற்று வகுப்பில் ஆசிரியர் திருத்திக் கொடுத்த கட்டுரை விமர்சனக் கட்டுரையின் முதல் வடிவமாகட்டும். நவம்பரில் வெற்றுத் தாளோடு உட்காருபவருக்கும் ஏழாவது திருத்தத்தோடு உட்காருபவருக்கும் உள்ள வேறுபாடு படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். தமிழ்நாட்டுப் பின்னணி உள்ளவர்கள், அமெரிக்கர்களுக்குப் புரிய வேண்டுமே என்று எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகிறார்கள். வேண்டாம். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து படம் பார்த்த தாத்தாவைப் பற்றி எழுதினால் மணலை எழுதுங்கள். இந்தியத் திரையரங்குகளின் வரலாற்றை எழுதாதீர்கள்.

ஜனவரியில் மூன்றாம் பருவ மதிப்பெண்களையும் நான்காம் பருவப் பாடங்களையும் யூ.சி. தளத்தில் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பாடத்தைக் கைவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும். முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வரும். ஜூன் 1க்குள் ஓர் இடத்தை ஏற்க வேண்டும்.

இடம் கிடைத்த மகிழ்ச்சியில் பலரும் மறப்பது ஒன்று உண்டு. கால்-கெட்சி முடித்ததற்கான சான்று தானாகப் போகாது. கடைசியாகப் படித்த கல்லூரியில் கேட்டுப் பெற்று, படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டுகளோடும், அதாவது மதிப்பெண் பட்டியல்களோடும், ஜூலை 1க்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வைக்க வேண்டும். எஃப்-1 மாணவர்கள் இதே நாட்களில், வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசின் செவிஸ் தளத்தில் உள்ள தங்கள் பதிவைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றி, மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 படிவத்தையும் அங்கிருந்து புதிதாகப் பெற வேண்டும். பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இதற்கு மே மாதமே நேரம் கேட்டு வைப்பது நல்லது.